ஒரு குல்லாவில் 1536 கண்ணி, கூலி எவ்வளவு?

(நமது கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் குரோஷா பயிற்றுநர் பேசிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்திற்கு வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



இன்றைக்கு என்னைப் பேசக் கூப்பிட்ட காரணம் உங்களுக்கே தெரியும். ஒரு வியாபாரி நம் குழுக்கள் இரண்டுக்கு வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார். சீசனுக்கு முன்னால் அவருக்கு 500 குல்லா வேண்டும். சாதாரண மங்கி குல்லா இல்லை. இப்போது காலேஜ் பிள்ளைகள் போடுகிறார்களே, பின்னந்தலையில் கொஞ்சம் பை மாதிரி தொங்கும், அந்தக் குல்லா. ஸ்லவுச்சி பீனி என்று பெயர் சொல்கிறார்கள். நாம் தொங்கு குல்லா என்றே சொல்லிக்கொள்வோம். நூல் அவர் கொடுப்பாராம். குல்லா ஒன்றுக்குக் கூலி 40 ரூபாய். "வீட்டில் சும்மா இருக்கிற நேரத்துல போடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இதை ஒத்துக்கொள்வதா வேண்டாமா என்று தீர்மானம் போட வேண்டும்.

நான் நேராக அந்தக் கேள்விக்குப் போகப் போவதில்லை. முதலில் குல்லாவைப் போட்டுப் பார்ப்போம். போட்டு முடித்தால் பதில் அதற்குள்ளேயே இருக்கும்.

குரோஷா என்பது பிரெஞ்சு வார்த்தை. சின்னக் கொக்கி என்று அர்த்தம். இரண்டு ஊசி வைத்துப் போடும் ஸ்வெட்டர் பின்னல் வேறு, ஒரே கொக்கி ஊசியில் போடும் இந்தப் பின்னல் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள். இந்த வித்தியாசத்தில்தான் நம் கூலி இருக்கிறது. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

நமக்கு வேண்டியது 5 மில்லிமீட்டர் ஊசி ஒன்று, பட்டி போட 4 மில்லிமீட்டர் ஊசி ஒன்று, நடுத்தரக் கனமுள்ள உல்லன் நூல் சுமார் 100 கிராம். உல்லன் என்று கடையில் சொல்வார்கள். பெரும்பாலும் அது அக்ரிலிக் நூல்தான். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு நூலைக் கொளுத்திப் பாருங்கள். உண்மையான கம்பளி என்றால் தலைமுடி கருகிய வாடை வரும், விரலில் நசுக்கினால் சாம்பலாக உதிரும். அக்ரிலிக் என்றால் உருகி, கறுப்பாகக் கெட்டி உருண்டை ஆகும். அக்ரிலிக் மட்டம் என்று சொல்லவில்லை. துவைக்க எளிது, பூச்சி அரிக்காது. ஆனால் அக்ரிலிக்கைக் கம்பளி என்று சொல்லி விற்கக் கூடாது. சீட்டில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். நூல் வாங்கும்போது உறையில் லாட் எண் இருக்கும். ஒரு குல்லாவுக்கு வேண்டிய எல்லா உருண்டையும் ஒரே லாட்டாக இருக்கட்டும். கடை வெளிச்சத்தில் ஒரே நீலமாகத் தெரியும். வெயிலில் பார்த்தால் பாதி குல்லா ஒரு நீலம், மீதி வேறொரு நீலம்.

சரி, ஆரம்பிப்போம். நான்கு சங்கிலி போட்டு வளையமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இனி வருவது எல்லாம் டபுள். ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே விட்டு நூலை இழுத்தால் ஊசியில் மூன்று வளையம் நிற்கும். இரண்டிரண்டாக இரண்டு தடவை கழற்றினால் ஒரு டபுள். நான் அமெரிக்கப் பெயரைச் சொல்கிறேன். பிரிட்டிஷ் முறையில் இதே கண்ணிக்கு டிரெபிள் என்று பெயர். அவர்கள் டபுள் என்று சொல்வது நம்முடைய சிங்கிள். செல்போனில் வீடியோ பார்த்துப் போடுகிற பெண்கள், குல்லா பாதி உயரத்தில் நின்றுவிட்டதே என்று குழம்புவது பெரும்பாலும் இந்தப் பெயர்க் குழப்பத்தால்தான். பெயரைப் பார்க்காதீர்கள், அவர் கை என்ன செய்கிறது என்று பாருங்கள்.

முதல் சுற்று: இரண்டு சங்கிலி உயரத்துக்குப் போட்டு, வளையத்துக்குள் 12 டபுள். அந்த இரண்டு சங்கிலியைக் கண்ணியாக எண்ண வேண்டாம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் முதல் கண்ணியோடு சேர்த்து முடித்து, மறுபடி இரண்டு சங்கிலி.

இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு டபுள். 24 வரும். மூன்றாம் சுற்றில் ஒன்றில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, இப்படியே சுற்றி வந்தால் 36. நான்காம் சுற்றில் இரண்டு கண்ணியில் ஒவ்வொன்று, மூன்றாவதில் இரண்டு. 48. புரிந்துவிட்டதா? பன்னிரண்டாம் வாய்ப்பாடு அவ்வளவுதான். 12, 24, 36, 48, 60, 72, 84. ஏழாம் சுற்றில் 84 வந்ததும் நிறுத்திவிடுங்கள். பள்ளிக்கூடம் போகாத அக்காமார்கூட பக்கத்தில் பிள்ளையை உட்கார வைத்து வாய்ப்பாடு சொல்லச் சொல்லிப் போட்டுவிடலாம்.

இப்போது கையில் ஒரு வட்டத் தட்டு இருக்கும். அதை மேசையில் வைத்துப் பாருங்கள். ஓரம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்தால் கண்ணி அதிகமாகிவிட்டது. கிண்ணம் மாதிரி குவிந்தால் குறைந்துவிட்டது, அல்லது கை இறுக்கம். தட்டையாகப் படுத்தால் சரி. குறுக்களவு 19 சென்டிமீட்டர் பக்கம் வர வேண்டும்.

எட்டாம் சுற்றிலிருந்து பதினேழாம் சுற்று வரை, பத்துச் சுற்று, ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. ஒரு கண்ணியில் ஒரு டபுள். தட்டு கீழே மடங்கிப் பையாக இறங்கும். இந்த இடத்தில்தான் தொங்கு குல்லாவின் சூட்சுமம் இருக்கிறது. பெரியவர்களின் தலைச் சுற்றளவு 54 முதல் 58 சென்டிமீட்டர் இருக்கும். நம் பை 60 சென்டிமீட்டர். தலையைவிடப் பை பெரிது, அதனால் தொங்குகிறது. ஆனால் நெற்றிப் பட்டி தலையைவிடச் சின்னதாக இருக்க வேண்டும், அப்போதுதான் பிடித்து நிற்கும். ஆகவே பதினெட்டாம் சுற்றில் குறைக்கிறோம்: ஐந்து டபுள், பிறகு இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்று. சுற்றி வந்தால் 84 கண்ணி 72 ஆகிவிடும்.

இரண்டைச் சேர்ப்பது எப்படி என்று கேட்டீர்கள். முதல் டபுளைக் கடைசி இரண்டு வளையத்தோடு நிறுத்துங்கள். அடுத்த கண்ணியில் இரண்டாவது டபுளைத் தொடங்கி அதையும் பாதியில் நிறுத்தினால் ஊசியில் மூன்று வளையம் இருக்கும். நூலை ஒரே இழுப்பில் மூன்றுக்குள்ளும் எடுத்துவிடுங்கள்.

கடைசியில் பட்டி. இப்போது 4 மில்லிமீட்டர் ஊசிக்கு மாறுங்கள். நான்கு சுற்று. இங்கே மேலே உள்ள கண்ணியில் குத்தக் கூடாது. கீழ்ச் சுற்றின் டபுள் ஒரு கம்பம் மாதிரி நிற்கிறது அல்லவா, அந்தக் கம்பத்தைச் சுற்றி ஊசியை விட்டு டபுள் போட வேண்டும். ஒன்று முன்பக்கமாக, அடுத்தது பின்பக்கமாக. மாற்றி மாற்றிப் போட்டால் வரி வரியாக எழும்பி, ரப்பர் மாதிரி இழுபடும். மொத்த உயரம் 27 சென்டிமீட்டர் அளவில் வரும். சின்னப் பிள்ளைக்கு என்றால் 72-ல் ஏற்றத்தை நிறுத்தி, 60-க்குக் குறைத்து, நடுவில் இரண்டு மூன்று சுற்றை விட்டுவிடுங்கள்.

ஒரு விஷயம். ஒரே ஊசி, ஒரே நூல், ஒரே கணக்கு. மூன்று பேர் போட்டால் மூன்று அளவு வரும். கை இறுக்கம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு குல்லா போட்டு மகனுக்குக் கொடுத்தால் இது பிரச்சனை இல்லை. குழுவாகச் சேர்ந்து விற்கும்போது பிரச்சனை. அதனால் ஒவ்வொருவரும் சின்னச் சதுரம் ஒன்று போட்டு டேப்பால் அளந்து பாருங்கள். 10 சென்டிமீட்டரில் 14 டபுள் வந்தால் 5 ஊசி. 16 வந்தால் கை இறுக்கம், அவர் பெரிய ஊசிக்குப் போகட்டும். 12 வந்தால் சின்ன ஊசி. யாரையும் கையை மாற்றச் சொல்லாதீர்கள், ஊசியை மாற்றுங்கள்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஏழு சுற்றைக் கூட்டினால் 336 கண்ணி. நடுவில் பத்துச் சுற்று 840. குறைக்கும் சுற்று 72. பட்டி நான்கு சுற்று 288. மொத்தம் 1536 கண்ணி. பழகிய கை நிமிடத்துக்கு ஐந்து ஆறு கண்ணி போடும். இடையில் எண்ண வேண்டும், நூல் சிக்கெடுக்க வேண்டும், முனையை உள்ளே செருக வேண்டும். ஐந்து மணி நேரம் என்று வையுங்கள். புதிதாகப் பழகுகிறவருக்கு இரண்டு நாள் ஆகும்.

40 ரூபாயை ஐந்து மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 8 ரூபாய். ஒரு ரூபாய்க்கு 38 கண்ணி போட வேண்டும்.

நம் மலையில் பூண்டுக்குக் களையெடுக்கப் போனால் நாள் கூலி 400 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர்க் கூலியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எட்டு மணி நேர வேலைக்கு மணிக்கு 50 ரூபாய். அந்தக் கணக்கில் குல்லாவுக்குக் கூலி மட்டும் 250. 500 குல்லாவை 25 பேர் பிரித்தால் ஆளுக்கு 20. ஆளுக்கு நூறு மணி நேர வேலை. அவர் சொல்கிற கூலியில் அந்த நூறு மணிக்கு 800 ரூபாய் வரும். களையெடுப்புக் கணக்கில் 5000 வரும்.

பின்னால் இருந்து ஒரு அக்கா சொல்கிறார்: "களைக்குப் போனா வெயிலு மழையில நிக்கணும். இது வீட்ல உக்காந்து டிவி பார்த்துக்கிட்டே போடுறதுதானே?" நல்ல கேள்வி, பலர் மனதில் இருக்கும் கேள்வி. ஒரு குல்லா என்றால் அக்கா சொல்வது சரி. இருபது குல்லாவைத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்றால், நாளுக்கு நான்கு மணி நேரம், 25 நாள் தொடர்ந்து. சோறாக்கி, மாடு பார்த்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, அந்த நான்கு மணி நேரம் எங்கிருந்து வரும்? தூக்கத்திலிருந்துதான் வரும். கழுத்து, கண், வலது கை மணிக்கட்டு, மூன்றும் பேசும். அதைச் சும்மா இருக்கிற நேரம் என்று சொல்லலாமா?

இது நமக்கு மட்டும் வந்த கேள்வி இல்லை. ஆந்திராவில் மேற்குக் கோதாவரி மாவட்டத்தில் நரசாப்பூர் என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கேயும் சுற்று ஊர்களிலும் 19-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகள் சொல்லிக்கொடுத்த குரோஷா லேஸ் வேலை தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. மேசை விரிப்பு, தலையணை ஓரம் எல்லாம் வெளிநாட்டுக்குப் போகும். மரியா மீஸ் என்ற ஜெர்மன் நாட்டு ஆய்வாளர் அந்தப் பெண்களோடு இருந்து ஆராய்ந்து 1982-ல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் கண்டது என்ன தெரியுமா? நாள் முழுக்க லேஸ் போடுகிற பெண்களை யாரும் தொழிலாளி என்று சொல்லவில்லை. வீட்டில் இருக்கிற பெண், ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிறாள் என்றே சொன்னார்கள். அப்படிச் சொன்னதால் கூலியும் அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்கு எட்டாத கீழே இருந்தது. ஏற்றுமதி செய்தவர்கள் வளர்ந்தார்கள்.

இன்னொன்றும் அதில் உண்டு. ஒருத்தி பூ மட்டும் போடுவாள், வேறொருத்தி பூக்களை இணைப்பாள். முழு விரிப்பு எப்படி இருக்கும், என்ன விலைக்குப் போகும் என்பது பின்னுகிறவளுக்குத் தெரியவே தெரியாது. தெரியாதபோது எப்படிப் பேரம் பேசுவது? நரசாப்பூர் லேசுக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, நம் கொடைக்கானல் மலைப் பூண்டுக்கு 2019-ல் கிடைத்தது மாதிரி. பெயருக்குப் பாதுகாப்பு வந்தது நல்லதுதான். குறியீடு வந்தாலும் கூலியைப் பேச வேண்டியது கூலி வாங்குகிறவர்தான்.

அதனால்தான் குல்லாவின் ஒரு பகுதியை ஒரு குழுவும் இன்னொரு பகுதியை இன்னொரு குழுவும் போடுகிற ஏற்பாட்டுக்கு நான் எதிரி. வேலை வேகமாகும் என்பார்கள். ஆகட்டும். ஆனால் முதலில் ஒவ்வொருவரும் உச்சியிலிருந்து பட்டி வரை முழுக் குல்லா போடத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, வியாபாரி ஏன் மலை ஏறி நம்மிடம் வந்தார்? ஏரிக்கரைக் கடைகளில் தொங்குகிற குல்லாக்களில் பல லூதியானா பக்கம் இயந்திரத்தில் பின்னி வருபவை. ஒரு நாளைக்கு எத்தனை வேண்டுமானாலும் வரும், மலிவாக வரும். அதோடு நாம் விலையில் போட்டி போடவே முடியாது, முயற்சியும் வேண்டாம். ஆனால் இயந்திரம் பின்னுவது ஸ்வெட்டர் பின்னல். குரோஷா பின்னலை அப்படியே போட்டுத் தள்ளுகிற இயந்திரம் ஆலைகளில் கிடையாது. கடையில் ஒரு குரோஷா குல்லாவைப் பார்த்தால், அது எந்த நாட்டில் செய்ததாக இருந்தாலும், யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணியாகக் கையால் போட்டதுதான். முதலில் சொன்னேனே, வித்தியாசத்தில்தான் கூலி இருக்கிறது என்று, அது இதுதான். அவருக்கு நம் கை இல்லாமல் இந்தக் குல்லா கிடைக்காது. அது அவருக்குத் தெரியும்.

என்னுடைய யோசனையைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

40 ரூபாய்க்கு ஒத்துக்கொள்ள வேண்டாம். அதே சமயம் வாசலை அடைக்கவும் வேண்டாம். நூலை இரண்டு இழையாகச் சேர்த்து, ஆறரை மில்லிமீட்டர் ஊசியில் போட்டால் 60 கண்ணியிலேயே வட்டம் போதும். ஏழு சுற்று நேராக, 48-க்குக் குறைத்து, மூன்று சுற்றுப் பட்டி. மொத்தம் 792 கண்ணி, கிட்டத்தட்ட பாதி. மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். நூல் 150 கிராம் பிடிக்கும். நூல் கிராமுக்கு ஒரு ரூபாய் என்று வைத்தால், மெல்லிய குல்லாவுக்கு நூல் 100, கூலி 250, சீட்டு, உறை, பஸ் செலவு 20, ஆக 370. கனமான குல்லாவுக்கு 150, 150, 20, ஆக 320. நூல் செலவு ஏறினாலும் அடக்கம் 50 ரூபாய் குறைகிறது. நூல் அவர் பொறுப்பு என்றால் நம் கூலி 150. இதற்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கருத்து. அவர் 100 என்பார், 110 என்பார். பேசட்டும். ஆளுக்கு ஒரு விலை மட்டும் சொல்லிவிடாதீர்கள். எந்தக் குழுவைக் கேட்டாலும் "கூட்டமைப்பைக் கேளுங்க" என்பதே பதிலாக இருக்கட்டும்.

நாமே விற்பதற்கும் வழி இருக்கிறது. மாவட்டத்தில் பூமாலை வணிக வளாகம், அரசுக் கண்காட்சிகள், சீசனில் போடுகிற ஸ்டால். அங்கே 450 ரூபாய்க்கு எல்லோரும் வாங்க மாட்டார்கள். பத்துப் பேர் எடுத்துப் பார்த்து விலை கேட்டுவிட்டு வைப்பார்கள், ஒருவர் வாங்குவார். அதற்குத் தகுந்தாற்போல் 30 குல்லாவோடு தொடங்குவோம். உள்கடன் வாங்கி 500 குல்லாவுக்கு நூல் குவிக்க வேண்டாம். சீட்டில் ஊர்ப் பெயர், குழுப் பெயர், நூல் என்ன நூல், துவைக்கும் முறை, போட எத்தனை மணி நேரம் ஆனது என்பதை எழுதுங்கள். வாங்குகிறவர் மணி நேரத்தைப் படிக்கட்டும்.

மன்னவனூர் உறுப்பினர்கள் கேட்டதற்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஊரில் மத்திய ஆட்டு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இருக்கிறது, பாரத் மெரினோ ஆடு வளர்க்கிறார்கள். அந்த ரோமத்தில் குல்லா போட்டால் உண்மையான மலைக் கம்பளி என்று சொல்லி விற்கலாமே என்கிறார்கள். ஆசை நல்ல ஆசை. ஆனால் ரோமம் வேறு, நூல் வேறு. கழுவ வேண்டும், சீவ வேண்டும், நூற்க வேண்டும். அது தனித் தொழில். அதைப் பற்றி மையத்தில் விசாரித்துவிட்டு வாருங்கள், அடுத்த ஆண்டுத் திட்டத்தில் பேசலாம். இந்த சீசனுக்கு அது ஆகாது.

இப்போது செய்ய வேண்டியது ஒன்று. குழுவுக்கு மூன்று பேர், ஆளுக்கு ஒரு குல்லா. உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். பாதியில் பால் கறக்கப் போனால் அதையும் எழுதி, திரும்பி வந்த நேரத்தையும் எழுதுங்கள். ஐந்து மணி என்று நான் சொன்னதை நம்ப வேண்டாம், உங்கள் நோட்டு என்ன சொல்கிறதோ அதுதான் நம் கூலிக்கு ஆதாரம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு நோட்டும் குல்லாவுமாக வாருங்கள். எல்லாவற்றையும் மேசையில் வைத்து, சராசரி எடுத்து, தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு வியாபாரியைக் கூப்பிடுவோம்.

பழகுவதற்கு வெளிர் நிற நூலாக வாங்குங்கள். கறுப்பும் கருநீலமும் வேண்டாம், ராத்திரி வெளிச்சத்தில் கண்ணி தெரியாது. ஊசி இல்லாதவர்கள் இன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள், மொத்தமாக வாங்கினால் விலை குறையும்.